30 அடியில் நிறுத்திய போர்வெல்: தண்டையார்பேட்டை அரை கிரவுண்ட் மனையில் ஆழம் முடிவு செய்த விவரம்

மனை 1,200 சதுர அடி. தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம், நான்கு குடும்பம், 16 பேர். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். முன்பக்கம் ஆறடிச் சந்து, லாரி ரிக் (துளை போடும் இயந்திரம்) உள்ளே வராது. வீட்டில் ஏற்கெனவே 120 அடிப் பழைய போர் ஒன்று உண்டு: நாலரை இன்ச், இரும்புக் கேசிங் (துளைக்குள் இறக்கும் பைப்). அதன் தண்ணீர் சில வருடங்களாக உப்பு. குழாய் முனையில் வெள்ளை படிகிறது, வாளி பழுப்பாகிறது. புதுப் போர் எத்தனை அடி என்பதுதான் கேள்வி.

போர்க்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "இன்னும் எறக்கினா நல்ல ஊத்து கெடைக்கும் சார், 180 போட்டுடலாம்." அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் அடி கூடத்தான் செய்யும். ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்பது பாறை ஊர்க் கணக்கு. வேலூரிலோ தருமபுரியிலோ பாறை வெடிப்பைத் தேடி இறங்குகிறவர்களுக்கு அது பொருந்தும். வடசென்னையின் கரையோரம் மணலும் களியும் அடுக்கடுக்காகக் கிடக்கிற நிலம். இங்கே ஆழத்தை முடிவு செய்வது இரண்டு விஷயம்: நல்ல மணல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, உப்பு எந்த அடியில் தொடங்குகிறது. பக்கத்து வீட்டுப் போர் எத்தனை அடி என்பது ஒரு துப்பு, அவ்வளவுதான். அந்த வீட்டிலும் யாரோ ஒரு போர்க்காரர் சொன்ன அடிதானே அது.

முதலில் தேவை. குடிநீர் வடிகாலுக்குத் திட்டமிடுபவர்கள் நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எடுத்துக்கொள்கிறார்கள். 16 பேருக்கு 2,160 லிட்டர். மெட்ரோவாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) குழாயில் வருவதைக் கழிக்காமலே கணக்குப் போட்டாலும், மணிக்கு 1,000 லிட்டர் தரும் போர் காலையில் ஒரு மணி ஐந்து நிமிடமும் மாலையில் ஒரு மணி ஐந்து நிமிடமும் ஓடினால் போதும். மணிக்கு 1,000 லிட்டர் என்பது மிகச் சிறிய ஊற்று. பத்தடி தடிமன் உள்ள நடுத்தர மணலே இதைக் கொடுத்துவிடும். இந்த எண்ணைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசினால் "பத்தாது சார்" என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது அனுமதி. 1987-ஆம் ஆண்டுச் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கிணறு வெட்டவும் போர் போடவும் முன் அனுமதி வேண்டும். மெட்ரோவாட்டரில் விண்ணப்பிக்க வேண்டும். இதை முடித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கரையோரத்தில் உப்பு ஏன் அடியில் இருக்கிறது

நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000, கடல்நீர் ஏறத்தாழ 1.025. அதனால் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் பெயரில் வழங்கும் பழைய கணக்கு இது: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும், அதற்கும் கீழே உப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தரை கடல் மட்டத்திலிருந்து 10 அடி உயரம், தண்ணீர் தரையிலிருந்து 8 அடியில் நிற்கிறது என்றால் கடல் மட்டத்துக்கு மேலே 2 அடி. ஆக உப்பு எல்லை கடல் மட்டத்துக்குக் கீழே 80 அடி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோடையில் தண்ணீர் ஒரே ஒரு அடி இறங்கினால் எல்லை 40 அடிக்கு ஏறி வந்துவிடும். ஒரே நாளில் ஏறாது, ஆனால் அந்தப் பக்கமாகத்தான் நகரும். எல்லை என்பதும் கத்தியால் வெட்டிய கோடு அல்ல. நடுவே உவர்ப்பு கலந்த ஒரு பட்டை உண்டு.

மோட்டார் ஓடும்போது இது இன்னும் கூர்மையாகிறது. போருக்குள் தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு அடிக்கும், அதற்கு நேர் கீழே உப்பு 40 அடி மேலேற முயலும். நடைமுறை விதி: ஃபில்டர் (தண்ணீர் உள்ளே வரக் கீறல் போட்ட பைப்) அடிமட்டத்துக்கும் உப்பு எல்லைக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பை ஏறவிடக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் ஃபில்டர் தரையிலிருந்து 30 அடியில் முடிந்தால், எல்லைக்கு 60 அடி மிச்சம். மூன்றில் ஒன்று 20 அடி. 20-ஐ 40-ஆல் வகுத்தால் அரை அடி. அதாவது மோட்டார் ஓடும்போது தண்ணீர் மட்டம் ஆறு இன்ச்சுக்கு மேல் இறங்கக் கூடாது. கோடையில் எல்லை 40 அடிக்கு வந்துவிட்டால் மிச்சம் 20 அடிதான். அப்போது இரண்டு இன்ச். போரை இன்னும் ஆழமாக்கினால் இந்த மிச்சம் குறைகிறது. ஆழமாகப் போட்டால் உப்பிடமிருந்து தப்பலாம் என்று நினைத்து அதன் மடியிலேயே போய் உட்காருவது இப்படித்தான்.

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, நடுவில் கெட்டியான களி இல்லாமல் மணல் தொடரும் இடங்களில் இந்த விதி அப்படியே பொருந்தும். அங்கே போரைவிட உறை கிணறே மேல்: மூன்றடி விட்ட உறை, 15 முதல் 20 அடி, அடியில் ஒரு அடிக்குக் கூழாங்கல். கிணற்றுக்குள்ளேயே தண்ணீர் சேர்ந்து நிற்பதால் மட்டம் மெல்லத்தான் இறங்கும். பாட்டன் காலத்தில் அந்தத் தெருக்களில் உறை கிணறு இருந்ததற்குக் காரணம் ரிக் இல்லை என்பது மட்டும் அல்ல. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே வந்தது 1960-களின் கடைசியிலேயே கண்டறியப்பட்டது. அங்கே கிலோமீட்டர் கணக்கில் நடந்தது, ஒரு மனையில் அடிக்கணக்கில் நடக்கும்.

களி இருந்தால் கதை மாறும். மேல் மணலுக்கும் கீழ் மணலுக்கும் இடையில் தடித்த களி இருந்தால், கீழிருந்து உப்பு நேராக ஏற முடியாது. அந்தக் களியைத் துளைக்காமல் விட்டால் மட்டும்.

சோதனைத் துளை

முதல் வேலை ஒரு 3 இன்ச் கை போர். மூணுகால் ஏணி, இரண்டு இன்ச் ஜிஐ பைப், தண்ணீர் செலுத்திச் சுற்றுகிற முறை. மே மாதக் கடைசியில் போட்டது. அதற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் போட்டால் எல்லா எண்ணும் அழகாக இருக்கும், அடுத்த கோடையில் பல்லிளிக்கும்.

மண் மாதிரியை ஒவ்வொரு ஐந்தடிக்கும், நிறம் மாறும்போதெல்லாம், எடுத்துத் தார்ப்பாயில் வரிசையாக வைக்க வேண்டும். கவனிக்க வேண்டியது: பிட்டு (துளைக்கும் முனை) வெட்டிய மண் மேலே வந்து சேர நேரம் ஆகும். 50 அடியில் வெட்டியது மேலே வரும்போது பிட்டு 52-இல் இருக்கலாம். அதனால் மாதிரி எடுக்கும்போது இறக்குவதை நிறுத்தி, தண்ணீரை மட்டும் ஓடவிட்டு, பழைய மண் கழிந்த பிறகு எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் எழுதிய கணக்கில் களியும் மணலும் இடம் மாறிக் கிடக்கும். ஃபில்டர் போய்க் களியில் உட்காரும்.

கிடைத்த அடுக்குகள்:

0–4 அடி: நிரப்பு மண், செங்கல் துண்டு, கட்டட இடிபாடு
4–11: களி கலந்த பழுப்பு மணல்
11–27: வெளிர் நடுத்தர மணல், ஆங்காங்கே சிப்பித் துணுக்கு
27–33: சாம்பல் நிறப் பொடிமணல், கையில் தேய்த்தால் சேறு
33–51: கருங்களி, சிப்பி, அழுகிய முட்டை வாடை
51–61: பெருமணல்
61-க்குக் கீழே: மீண்டும் களி. 65-இல் நிறுத்தியாயிற்று.

இந்த அடிக்கணக்கு இந்த மனைக்கு மட்டும். இரண்டு தெரு தள்ளினால் களி மெலியலாம், இல்லாமலும் போகலாம்.

தண்ணீரைச் சோதிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். துளைக்கப் பயன்படுத்தியது லாரித் தண்ணீர், அதன் டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 420. துளைக்குள் நிற்பதும் அதுதான். மேலே வந்ததை ஒரு டம்ளரில் பிடித்து மீட்டரை வைத்தால், லாரித் தண்ணீரின் தரம்தான் தெரியும்.

26 அடிக்கு வந்தபோது ஒன்றேகால் இன்ச் பிவிசி பைப், அடியில் மூன்றடிக்கு ஹேக்சாவால் கீறல் போட்டு நைலான் வலை சுற்றியது, உள்ளே இறக்கிக் கை பம்பால் இறைக்கப்பட்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தது: 780, 1,020, 1,130, 1,150, 1,150. நிலைத்துவிட்டது. இதுதான் மேல் மணலின் தண்ணீர்.

கீழ் மணலைச் சோதிக்கும் முன் இன்னொரு சிக்கல். துளை மேல் மணலுக்கும் திறந்தே இருக்கிறது. இறைத்தால் இரண்டும் கலந்து வரும். அதனால் சோதனை பைப்பை 60-க்கு இறக்கிய பிறகு, பைப்பைச் சுற்றி 45-இலிருந்து 38 வரை பெண்டோனைட் (தண்ணீரில் ஊதி அடைத்துக்கொள்ளும் களிமண்) உருண்டைகளைப் போட்டு, ஊறி உப்ப இரண்டு மணி நேரம் விடப்பட்டது. பிறகு இறைத்தது: 1,480, 2,600, 3,400, 3,880, 3,920, 3,910. முதல் பத்து நிமிடத்தோடு நிறுத்தியிருந்தால் "1,480-தான், பரவாயில்லை" என்று 60 அடியில் போரை முடித்திருப்பார்கள். 3 இன்ச் துளையில் 60 அடிக்கு 83 லிட்டர் நிற்கும். அதைப் போல ஐந்து மடங்காவது, அதாவது 400 லிட்டருக்கு மேல் இறைத்த பிறகு, அடுத்தடுத்த மூன்று அளவுகள் ஒத்துவந்தால்தான் நம்பலாம்.

பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான மீட்டர்களில் பல 999-ஐத் தாண்டினால் 392 என்று காட்டிவிட்டு, ஓரத்தில் பத்து மடங்குக் குறியைச் சிமிட்டும். அது 3,920. "எங்க வீட்ல 392 தான் சார், மினரல் வாட்டர் மாதிரி" என்று சொல்பவர் வீட்டில் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 குடிநீருக்கு டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லையென்றால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது. மேல் மணலின் 1,150 குளிக்க, துவைக்க, கழுவ நல்ல தண்ணீர். குடிக்க இல்லை, ஆழம் குறைந்த போரில் சாக்கடைக் கசிவும் நைட்ரேட்டும் வரும் வாய்ப்பு அதிகம். மீட்டருக்கு அது எதுவும் தெரியாது. குளோரைடு, கடினத்தன்மை, நைட்ரேட், கோலிஃபார்ம் நான்குக்கும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தண்டையார்பேட்டையில் மூக்கையும் பயன்படுத்த வேண்டும். 2013-இல் இந்தப் பகுதிப் போர்களில் பெட்ரோலிய எண்ணெய் கலந்து வந்தது. மண்ணெண்ணெய் வாடையோ வானவில் படலமோ தெரிந்தால், ஆழத்தை மாற்றிப் பார்க்கிற வேலையே வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

முடிவும், சோதனைத் துளையை மூடியதும்

மேல் மணல் 16 அடி தடிமன், 1,150. கீழ் மணல் 10 அடி, 3,910. நடுவில் 18 அடிக் களி. போர் 30 அடி, அதற்கு மேல் ஒரு அடியும் வேண்டாம். 33-இல் தொடங்கும் களியைத் தொடவே கூடாது.

சோதனைத் துளை களியைத் துளைத்துவிட்டதே? ஆம். அதனால் உண்மையான போர் அதே துளையில் இல்லை, ஆறடி தள்ளி. சோதனைத் துளையில் பைப்பை உருவிவிட்டு, அடியிலிருந்து மேலே வரை பெண்டோனைட் உருண்டையும் களியுமாகத் திணித்து மூட வேண்டும். ஒரே வீச்சில் கொட்டினால் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். ஒரு சட்டி போட்டு, கம்பியை விட்டு ஆழம் பார்த்து, அடுத்த சட்டி. அலுப்பான வேலை, ஆள் பக்கத்தில் நிற்காவிட்டால் மேலே இரண்டடி மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

போர்

8 இன்ச் துளை, 30 அடி, கை போர்தான். சேற்றுக் கரைசலுக்குச் சாணி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பழக்கத்தில் கரைத்துவிடுவார்கள், மணல் துளை சரியாமல் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் கிருமியும் வாடையும் மாதக்கணக்கில் போகாது. மெல்லிய பெண்டோனைட் கரைசல் போதும்.

பைப் 5 இன்ச் பிவிசி, வெளி விட்டம் 140 மில்லிமீட்டர், ஐஎஸ் 12818 தரம். அதில் சிஎஸ் என்பது 80 மீட்டர் வரைக்கான வகை, இந்த ஆழத்துக்கு அதுவே அதிகம். இரும்பு வேண்டாம். உப்புக் காற்றும் உவர் மண்ணும் உள்ள ஊரில் இரும்புக் கேசிங் எத்தனை நாள் தாங்கும் என்பதற்குப் பழைய போரே சாட்சி.

கீழிருந்து மேலாக வைத்த வரிசை: 29-இலிருந்து 26 வரை மூடி போட்ட, கீறல் இல்லாத பிளைன் பைப், மூன்றடி. உள்ளே புகும் மணல் இதில்தான் தங்கும். 26-இலிருந்து 16 வரை ஃபில்டர். அதற்கு மேலே பிளைன், தரைக்கு மேல் இரண்டடி வரை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தின் கறை சுவரில் எங்கே இருக்கிறதோ அதற்கு மேலே வாய் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பைப் நடுவில் நிற்க, பத்தடிக்கு ஒன்றாகப் பிவிசிப் பட்டையை வளைத்துக் கட்டிய தாங்கி. இல்லாவிட்டால் பைப் ஒரு பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் கூழாங்கல்லே இறங்காது.

ஃபில்டர் கீறல் அளவும் கூழாங்கல் அளவும் ஜோடி. மணலைக் காயவைத்து 600 மைக்ரான், 300 மைக்ரான் சல்லடைகளில் சலித்தபோது, பாதிக்கு மேல் 300-இல் தங்கியது. அதாவது சராசரி மணி 0.3-க்கும் 0.6 மில்லிமீட்டருக்கும் இடையில். கூழாங்கல் அதைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு இருக்கலாம்: 1.5 முதல் 2.5 மில்லிமீட்டர். கீறல் அந்தக் கூழாங்கல்லைத் தாண்டவிடாத 0.75 மில்லிமீட்டர். கடையில் கிராவல் என்று கேட்டால் பட்டாணி அளவுக் கல்லைத்தான் அள்ளிப் போடுவார்கள். அதன் இடைவெளியில் இந்த மணல் தாராளமாக நடந்து வரும். பிறகு போரில் மணல் வருகிறது என்று புலம்பல், ஃபில்டர் மேல் நைலான் வலை சுற்றல், இரும்பும் பாசியும் வலையை அடைத்து ஊற்று குறைதல், "ஊத்து வத்திடுச்சு, ஆழப்படுத்தணும்" என்ற பேச்சு. மணலைத் தடுக்க வேண்டியது கல், வலை அல்ல. வடசென்னையில் ஆழப்படுத்திய பல போர்களில் குறை ஆழத்தில் இல்லை, இந்தக் கல்லில்தான்.

கல்லின் கணக்கு: 8 இன்ச் துளைக்கும் 140 மில்லிமீட்டர் பைப்புக்கும் இடையே அடிக்கு 5.2 லிட்டர் இடம். 30-இலிருந்து 12 வரை 18 அடிக்கு 94 லிட்டர். மணல் துளை எப்போதும் சற்று அகலமாகவே வெட்டும், எனவே 130 லிட்டர் வரவழைக்கப்பட்டது, ஏறத்தாழ நாலரை கன அடி. தண்ணீரில் அலசி, கைப்பிடி கைப்பிடியாகச் சுற்றிலும் விடவேண்டும். கணக்குப்படி 94 போகவேண்டிய இடத்தில் 50 லிட்டரிலேயே நிரம்பிவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம், நடுவில் எங்கோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

சிமென்ட் இப்போது போடக் கூடாது. முதலில் போரைக் கழுவிச் சுத்தமாக்க வேண்டும். பைப்புக்குள் இறுக்கமாகப் போகும் ரப்பர் வட்டை ஒரு ஜிஐ பைப்பில் கட்டி, ஃபில்டருக்கு மேலே ஏற்றி இறக்கினால் தண்ணீர் ஃபில்டர் வழியாக உள்ளும் புறமும் அலையும். பொடிமணலும் பெண்டோனைட்டும் உள்ளே வந்துவிழும். அரை மணி நேரம் அலைப்பது, இறைப்பது, மறுபடி அலைப்பது. நான்கு மணி நேரத்தில் 20 லிட்டர் வாளியின் அடியில் ஒரு சிட்டிகைக்குமேல் மணல் இல்லை என்ற நிலை வந்தது. இதற்குள் வெளியே கூழாங்கல் 14 இன்ச் இறங்கிவிட்டது. மேலே நிரப்பிவிட்டு, 12-இலிருந்து 10 வரை பெண்டோனைட் உருண்டை, 10-இலிருந்து தரை வரை சிமென்ட் பால். 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 43 லிட்டர் பால் வரும்; இரண்டு மூட்டை. முன்பே சிமென்ட் போட்டிருந்தால் கல் இறங்கிய இடத்தில் 14 இன்ச் வெற்றிடம் நின்றிருக்கும், அதில் களி சரிந்து ஃபில்டரை மூடியிருக்கும்.

சாக்கடைக்கும் போருக்கும் 50 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது நல்ல விதி. அரை கிரவுண்டில் அது நடக்காது. அதனால்தான் அந்தப் பத்தடிச் சிமென்ட்டில் கஞ்சத்தனம் கூடாது.

கிருமி நீக்கத்துக்கு, பைப்பிலும் கூழாங்கல் இடுக்கிலும் சேர்த்து 115 லிட்டர் தண்ணீர் இருந்தது. 50 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி 12 மணி நேரம் விட்டு, வாடை போகும் வரை இறைத்துத் தெருச் சாக்கடையில் விடப்பட்டது.

மோட்டாரும் இறைப்புச் சோதனையும்

தண்ணீர் 9 அடியில் நின்றது. அரை எச்.பி. மோனோபிளாக் போதும், உறிஞ்சு பைப் ஒன்றேகால் இன்ச், அடியில் ஃபுட் வால்வு, 15 அடியில், ஃபில்டருக்கு மேலே. மேலிருந்து உறிஞ்சும் மோட்டார் நடைமுறையில் 22 அடிக்கு மேல் இழுக்காது. இங்கே அந்தக் கவலை இல்லை. சப்மெர்சிபிள் (போருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார்) தேவையும் இல்லை, 30 அடிப் போரில் அதற்கு வசதியான இடமும் இல்லை. பெரிய மோட்டார் வைத்தால் தொட்டி சீக்கிரம் நிரம்பும், அதே வேகத்தில் உப்பும் பக்கவாட்டில் நகர்ந்து வரும். கேட் வால்வைத் திருகி, 20 லிட்டர் வாளி 72 விநாடியில் நிரம்புமாறு வைத்தால் மணிக்கு 1,000 லிட்டர். அந்த இடத்தில் கைப்பிடியைக் கழற்றிவிடுவது நல்லது, யாராவது திறந்துவிடுவார்கள்.

நான்கு மணி நேரச் சோதனையில் தண்ணீர் மட்டம்: தொடக்கம் 9 அடி, அரை மணியில் 10 அடி 1 இன்ச், இரண்டு மணியில் 10 அடி 4 இன்ச், நான்கு மணியிலும் 10 அடி 4 இன்ச். டிடிஎஸ் 1,150-இலிருந்து 1,180. நிறுத்தி 40 நிமிடத்தில் மட்டம் பழைய இடத்துக்கு வந்தது. ஒரு அடி நான்கு இன்ச் இறக்கம் என்பது மேலே சொன்ன அரை அடி விதியை மீறுகிறதே என்றால், அது களி இல்லாத மணலுக்கான விதி. இங்கே கீழே 18 அடிக் களி காவல் இருக்கிறது. களி இல்லாத மனையில் இதே இறக்கம் வந்தால் வால்வைப் பாதியாக்கி, ஓட்டும் நேரத்தை இரட்டிப்பாக்குவதே வழி.

கரையை விட்டு உள்ளே

பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கம் கணக்கு வேறு. அங்கே களி அதிகம், மணல் அடுக்கு ஆழத்தில் மெல்லியதாகக் கிடக்கலாம், ஆழமாகப் போக வேண்டியிருக்கலாம். சப்மெர்சிபிள் என்றால் கூட்டிப் பாருங்கள்: கோடை நீர்மட்டம் 25 அடி, ஓடும்போது இறக்கம் 20, மோட்டாருக்கு மேலே மூழ்கி நிற்க 10, மோட்டார் 4, அடியில் மணல் தங்க 10. மொத்தம் 69, ஆக 70 அடி. அந்த 70-இல் நல்ல மணல் இருந்தால்தான் இதற்கு அர்த்தம். ஃபில்டர் எதிரே மோட்டாரை நிறுத்தவும் கூடாது. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடியில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய மனைகளில் மேல் மணல் கிடைத்தாலும் கால்வாயின் அழுக்கு அதில் கசியும். அங்கே ஆய்வக அறிக்கை வராமல் ஆழத்தை முடிவு செய்யாதீர்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டைச் சுற்றியும், மணலியின் ஆலைகளை ஒட்டியும் அப்படியே.

மழைநீர்

மாடி 800 சதுர அடி, சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். முழுவதும் பிடித்தாலே ஒரு லட்சம் லிட்டர் சொச்சம். வீட்டின் வருடத் தேவையோ ஏறத்தாழ எட்டு லட்சம். தேவையை ஈடுகட்டாது, ஆனால் மேல் மணலில் போய்ச் சேரும் அந்தத் தண்ணீர்தான் இந்த 30 அடிப் போரின் உப்பைத் தள்ளி வைக்கிறது. மழைநீர்க் குழியைப் போரிலிருந்து முடிந்த மட்டும் தள்ளி, 11 அடியில் தொடங்கும் மணலைத் தொடும்படி வெட்ட வேண்டும். மாடிக் குழாயை நேராகப் போருக்குள் விடுவது தூசியையும் காக்கை எச்சத்தையும் ஃபில்டருக்குள் ஊற்றுவது.

பழைய 120 அடி

இதை விட்டுவைத்தால் மற்ற எல்லா வேலையும் வீண். துருப்பிடித்து ஓட்டை விழுந்த இரும்புக் கேசிங் கீழ் உப்பையும் மேல் மணலையும் இணைக்கும் குழாய். கீழ் மணலில் அழுத்தம் கூடும் நாளில் உப்பு அதன் வழியே மேலே ஏறும். மோட்டாரை எடுத்து, கேசிங்கை உருவிப் பார்த்தாயிற்று, வரவில்லை. நாலரை இன்ச், 120 அடிக்கு 375 லிட்டர் கொள்ளளவு. முழுவதும் சிமென்ட் பால் என்றால் ஒன்பது மூட்டை. ஒரு இன்ச் பைப்பை அடிவரை இறக்கி, அதன் வழியே பாலைக் கீழிருந்து மேலாக ஏற்றி, பைப்பை மெல்ல உயர்த்திக்கொண்டே வர வேண்டும். மேலிருந்து ஊற்றினால் தண்ணீரில் கரைந்து, அடியில் மணலாகப் படியும். 11 மூட்டை பிடித்தது. கணக்கைவிடக் கூடியது துரு ஓட்டைகள் வழியே கேசிங்குக்கு வெளியே போயிருக்க வேண்டும், போனால் நல்லதுதான். மறுநாள் பால் ஒன்றரை அடி இறங்கியிருந்தது, மேலே கான்கிரீட் போட்டு அடைத்தாயிற்று.

அதன் பிறகு எடுத்த அளவுகள், மோட்டார் அறைச் சுவரில் பென்சிலால் எழுதியது: ஜனவரி, நீர்மட்டம் 5 அடி 6 இன்ச், டிடிஎஸ் 860. மறு மே, 10 அடி 2 இன்ச், 1,290. அடுத்த மே மாதம் 2,000-ஐத் தாண்டினால் செய்ய வேண்டியதும் அதே சுவரில் இருக்கிறது: வால்வை மணிக்கு 600 லிட்டருக்குக் குறை, காலை மாலை இரண்டு வேளையை நான்காகப் பிரி, ரிக்காரருக்குப் போன் செய்யாதே.